புல்லுக்குப் பார்த்த நல்ல நாள்

எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்த புல் இரண்டே வகைதான். ஒன்று அருகம்புல், அது பிள்ளையாருக்கும் காலை நேர ஜூஸுக்கும். மற்ற எல்லாப் புல்லுக்கும் ஒரே பெயர், புதர். புதர் இருந்தால் பாம்பு வரும், பாம்பு வந்தால் தெரு வாட்ஸப் குழுவில் படம் வரும், படம் வந்தால் மறுநாள் யாராவது மருந்து டப்பாவோடு வந்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டுப் போவார்கள். கல்லூரியில் காலமெல்லாம் புல்லினங்களைப் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற நான், தேடிப் பிடித்து இந்தத் தெருவில்தான் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திருமுல்லைவாயில் என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு கொடி இருக்கிறது. அதையும் யாரும் நின்று பார்த்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் முதல் மழை விட்ட ஒரு காலையில் எதிர்மனையில் அதைக் கண்டேன். தெருவில் மற்ற மனைகளிலெல்லாம் லாரி லாரியாக மண் அடித்து வீடு கட்டிவிட்டார்கள். அந்த ஒன்று மட்டும் பழைய சரளை மேடாகவே கிடந்தது. பக்கத்து வீடுகளின் மதில்கள் சேரும் மூலையில் இடுப்பளவு உயரத்துக்குக் கொத்தாக ஒரு புல் தூர். இலை லேசாக நீலம் கலந்த பச்சை. நுனியைக் கிள்ளிக் கசக்கினேன். சுக்கு வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் பச்சைக்கற்பூர வாசனை. அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்த என் மனைவி, எனக்கு மயக்கம் வந்துவிட்டதென்று சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

இந்த இடத்தில் புல்லின் சொந்தபந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மைப் போலவே அதற்கும் அந்தத் தொல்லை உண்டு. சோளமும் கரும்பும் வெட்டிவேரும் இதற்குத் தூரத்து உறவு. பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் போய் அழைக்க வேண்டியதில்லை. தர்ப்பையும் அருகும் வேறு வழி. அவை இரண்டும் தங்களுக்குள் வேண்டுமானால் உறவு கொண்டாடிக்கொள்ளலாம். எலுமிச்சைப்புல், காமாட்சிப்புல், சுக்குநாறிப்புல் இவையெல்லாம்தான் நெருங்கிய பங்காளிகள். பங்காளிகளுக்குள் முகஜாடை ஒன்றாக இருக்கும், வாசனைகூட ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மாடு மேய்த்தவர்கள் காட்டில் இருக்கும் அத்தனை பேரையும் சுக்குநாறி என்றே கூப்பிட்டார்கள். மாட்டுக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. ஏனென்றால் இந்தப் பங்காளிகளில் ஒன்று, சரளை மேட்டில் மட்டுமே வளர்வது, ஒரு காலத்தில் ஆவடிப் பக்கம் இருந்ததாகப் பழைய தாவர நூல்களில் உண்டு. வருஷா வருஷம் வகுப்பில் அதன் பெயரை எழுதிப்போட்டு, ‘இப்போது இங்கே கிடையாது’ என்று சொல்லிவிட்டு அடுத்த புல்லுக்குப் போவேன். பிள்ளைகளும் கிடையாததை ஏன் படிக்க வேண்டும் என்று கொட்டாவி விடுவார்கள். அந்தக் கிடையாதது என் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்கிறதா, இல்லை அதன் சாதாரணப் பங்காளி ஒன்று வந்து ஏமாற்றுகிறதா? இலையை வைத்துச் சொல்லவே முடியாது. பூத்தால்தான் தெரியும். பூக்க மார்கழி ஆகும்.

கைப்பேசியில் செடிகளை அடையாளம் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதே என்று அதையும் காட்டிப் பார்த்தேன். முதலில் எலுமிச்சைப்புல் என்றது. கொஞ்சம் தள்ளி நின்று காட்டினால் கரும்பு என்றது. வேர்ப்பக்கம் குனிந்து காட்டியதற்கு வெங்காயம் என்றது. என்னோடு படித்தவன் ஒருவன் இன்னமும் புல்லையே கட்டிக்கொண்டு அழுகிறான். அவனுக்குப் படங்களை அனுப்பினேன். பூ வரட்டும், வந்த பிறகு பேசு என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டான்.

அடுத்த வாரமே மனைக்குச் சொந்தக்காரர் மனைவியோடு வந்து நின்றார். இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். நிலமெல்லாம் பங்கு பிரிந்து மனைகளாகி, அவர் கைக்கு வந்தது இது ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். கரையான்சாவடியில் ஒரு கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. கார்த்திகையில் வரும் வாஸ்து நாளில் பூமி பூஜை போட்டுவிட்டு உடனே வேலையை ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். மூலையில் நிற்பது அபூர்வமான புல்லாக இருக்கலாம், மார்கழியில் பூக்கும், அதுவரை பொறுத்தால் புண்ணியமாகப் போகும் என்றேன். புண்ணியம் என்ற சொல்லை அதற்கு முன் எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

“இன்னா சார், புல்லு பூக்கறதுக்காக யாராவது ஊடு கட்டாம கீறாங்களா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு மண்டையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் கண்ணில் பட்டது. நான் எப்படிப்பட்டவன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணம் ராகுகாலத்தில் நடந்தது. தவறிப்போய் இல்லை, நானே கேட்டு வாங்கிய ராகுகாலம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வயிறெரிந்து போனார்கள். இந்த வீட்டுக்கு நான் கிரகப்பிரவேசம் செய்யவில்லை. சாமான்களை ஏற்றி வந்த டெம்போ எப்போது வந்ததோ அதுவே நேரம். அப்பேர்ப்பட்டவன் காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, பொடி எழுத்தாக இருந்ததால் புல்லுக்கு வைத்திருந்த கை லென்ஸையே எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாங்கள் புல்லை அடையாளம் காண்பதும் இதே முறையில்தான். இலையடியில் நாக்கு மாதிரி சவ்வு உண்டா இல்லையா? உண்டு என்றால் இந்தப் பக்கம் போ, இல்லை என்றால் அந்தப் பக்கம் போ. பஞ்சாங்கமும் அப்படியே கேட்கிறது. வளர்பிறையா, தேய்பிறையா? மேல்நோக்கு நாளா, கீழ்நோக்கு நாளா? மேலும், மார்கழியில் வாஸ்து நாளே கிடையாது. அந்த மாதம் முழுவதும் ஒருவரும் கடப்பாரையைத் தூக்க மாட்டார்கள். கார்த்திகையை மட்டும் எப்படியாவது தாண்டிவிட்டால் புல் தைவரை பிழைத்துவிடும். அந்த வாஸ்து நாளின் தாளில் ஓரத்தில் சந்திராஷ்டமம் என்று போட்டு, பக்கத்தில் மகம் என்று இருந்தது. அதாவது மக நட்சத்திரக்காரர்களுக்கு அன்றைக்கு எதுவும் ஆகாது.

மறுநாளே அவருக்குப் போன் போட்டு, வீட்டில் யார் யாருக்கு என்ன நட்சத்திரம் என்று விசாரித்தேன். அவருக்கு ரோகிணி. அந்தம்மாவுக்கு மகம். எனக்கு வந்த சந்தோஷத்தில் மாமியார் வீட்டாரே நேரில் வந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நாள் குறித்துக் கொடுத்த குருக்கள் புருஷனுடைய நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருக்கிறார். காலண்டரில் அச்சடித்திருப்பதை அப்படியே படித்துக் காட்டினேன். என் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. அந்தம்மா போனை வாங்கி, நல்ல வேளை சொன்னீர்கள் என்று நாலு தடவை நன்றி சொன்னார். பூஜை தை மாசத்துக்குத் தள்ளிப்போயிற்று. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் என் மனைவி.

“ராகுகாலத்துல தாலி கட்டின மனுஷன் இவர்தானா?” என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. கரையான்சாவடியில் அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில்மேல் அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் ஏற்றிவிட்டு, முகப்பேரில் அந்தம்மாவின் நாத்தனார் வீட்டில் போய்த் தங்கினார்களாம். அவர் வந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நாள் தள்ளிப்போனதால் வந்த தண்ணீர் இல்லை அது. பூஜை போட்டிருந்தாலும் அந்த மழைக்குள் வீடு எழும்பியிருக்காது. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் புல்லோ, சரளையில் தண்ணீர் நிற்காததால், குளித்துத் தலை துவட்டின மாதிரி பளிச்சென்று நின்றது.

இதற்குள் வேறொரு தொல்லை முளைத்தது. சந்திராஷ்டமத்தைக் கண்டுபிடித்த செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. குருக்களே தவறவிட்டதை சார் பிடித்துவிட்டாராமே என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பெண் பார்க்கப் போக நாள் வேண்டும், ஒருவருக்குப் புது வண்டி எடுக்க. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். பெரிய ஆட்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போனார்கள். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியதற்குக் கிடைக்காத மரியாதை, காலண்டரின் ஒரு தாளுக்குக் கிடைத்தது.

தூரைப் பிரித்து வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். ஓரத்தில் இருந்த சிறு தூர் ஒன்றை வேரோடு பெயர்த்து மொட்டை மாடியில் தொட்டியில் வைத்தேன். நல்ல செம்மண், மக்கிய எரு, வேளாவேளைக்குத் தண்ணீர். பத்து நாளில் வேர் அழுகிச் செத்தது. பிறகு வெறும் சரளையிலேயே இன்னொன்றை வைத்தேன். அதுவும் போயிற்று. காய்ந்த சரளையில் யாரும் சீந்தாமல் கிடந்தே பழகின புல்லுக்கு என் கவனிப்பு தாங்கவில்லை. அது நிற்கும் இடத்தில் நின்றால்தான் உண்டு என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் நடைப்பயிற்சிக்காரர்கள் வாசனையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டீயில் போட்டால் சளிக்கு நல்லது என்று யாரோ குழுவில் போட, ஆளுக்கு ஒரு பிடி பறிக்க ஆரம்பித்தார்கள். கெஞ்சினேன், கத்தினேன், எழுதி மாட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் என் மனைவி ஒருநாள் காலையில் கோலம் போட்ட கையோடு போய், தூரைச் சுற்றி ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, அடியில் ஒரு சொட்டுக் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். அன்றோடு பறிப்பது நின்றது. மறுநாளிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை.

மார்கழி முடியும் நேரத்தில் கதிர் வெளியே வந்தது. செம்பழுப்பு நிறம், காற்றில் லேசாக ஆடியது. ஒரே ஒரு கிளையைக் கத்தரித்து வந்து, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து வைத்துக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் பூக்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றுக்குக் காம்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. காம்பில்லாததைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பங்காளியாக இருந்தால் அதன் உமி நுனியில் மயிரிழை போல ஒரு கூர் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். நான் தேடியதற்குக் கூர் கிடையாது. உமியின் முதுகில் ஊசியால் கீறின மாதிரி ஒரு பள்ளம் மட்டும் ஓடும். குண்டூசியால் மெல்ல விலக்கினேன். கூர் இல்லை. வேறொன்றை எடுத்தேன், இல்லை. திருப்பிப் போட்டேன். பள்ளம் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சமையலறைக்கு ஓடி என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்து லென்ஸைக் கொடுத்தேன். அரிசியில் இருக்கும் கல் மாதிரி தெரிகிறது என்றாள். பரவாயில்லை. நண்பனுக்குப் படங்களை அனுப்பினேன். இந்தத் தடவை அவனே கூப்பிட்டான். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

“டேய், அதேதான்டா. விதை முத்தற வரைக்கும் ஒருத்தனையும் கிட்ட விடாதே” என்றான். விதை இருந்தால் வேறு சரளை மேடுகளில் தூவலாம். மறுபடி ஆவடிப் பக்கத்தில் உண்டு என்று எழுதலாம். விதை முத்த மாசி பிறக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் அந்தம்மா மட்டும் தனியாக வந்தார், தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு. தை வாஸ்து நாளுக்குக் குருக்கள் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டாராம். ஆனாலும் நான் ஒரு தடவை பார்த்துச் சொன்னால்தான் மனசு ஒப்பும் என்றார். மாசியிலும் ஒரு வாஸ்து நாள் வருகிறதே என்று மெதுவாக எடுத்துவிட்டேன்.

“மாசில ஆரம்பிச்சா முடிய ஐப்பசி தாண்டிடும்னு மேஸ்திரி சொல்றாரு சார். இன்னொரு மழைக்கு அந்த ஊட்ல என்னால இருக்க முடியாது” என்றார். பிறகு, “ஆனா நாளு சரியில்லன்னா சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நான் பொறுத்துக்குறேன்” என்றார்.

காலண்டரை எடுத்தேன். லென்ஸையும் எடுத்தேன். திதி, நட்சத்திரம், யோகம், அவருக்கு, அவர் புருஷனுக்கு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனை கவனத்தோடு என் ஆராய்ச்சியைக்கூட நான் செய்ததில்லை. ஒரு குறையும் இல்லை. அப்படியொரு சுத்தமான நாள். குறை இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கொஞ்சம் யோசனையாக இருக்கிறதே அம்மா என்று நான் இழுத்தால் போதும், அவர் எழுந்து போய்விடுவார். மாசி வந்துவிடும், விதை முத்திவிடும். அவர் இன்னொரு மழையில் கட்டில்மேல் கிரைண்டரை ஏற்றுவார். என் மனைவி காப்பித் தம்ளரோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

“நல்ல நாள்மா. தாராளமா ஆரம்பிங்க” என்றேன்.

அவர் புருஷனிடம் புல்லைப் பற்றி மறுபடி சொல்லிப் பார்த்தேன். பாவம், அவரும் யோசித்தார். ஆனால் பூஜைக்குக் குழி தோண்ட வேண்டியது ஈசானிய மூலையில். வடக்கும் கிழக்கும் சேரும் அந்த மூலையில்தான் பிறகு தண்ணீருக்கு போர்வெல்லும் போட வேண்டும். புல் நிற்பது அங்கேதான். மூலையை நகர்த்த முடியாது என்பது நாள் பார்க்கும் எனக்குத் தெரியாதா என்ன. வேரோடு பெயர்த்து என் வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டுமானால் நாலு ஆள் விடுவதாகவும் சொன்னார். வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவில்லை.

பூஜையன்று தெருவே கூடிவிட்டது. வாழையிலை, தேங்காய், மஞ்சள் தடவிய செங்கல் எல்லாம் தயார். குருக்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அந்தம்மா மூலைக்குப் போய், தூரில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு புருஷன் காதில் ஏதோ சொன்னார். அவர் குங்குமம் வைத்த மண்வெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“மொத வெட்டு நீங்கதான் சார் போடணும். ராசியான கைன்னு இவ சொல்றா” என்றார்.

மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கதிர்களில் விதை இன்னும் பால் பதத்தில்தான் இருக்கும், நசுக்கினால் வெள்ளையாக வரும். இன்னும் மூன்று வாரம் போதும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். சரளையில் வேர் அறுபடும் சத்தம் கேட்டது, சுக்கு வாசனை குப்பென்று எழும்பி முகத்தில் அடித்தது. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்தேன், முடியவில்லை. அந்தம்மா பார்த்துவிட்டார்.

“பாத்தியா, சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சி” என்றார் புருஷனிடம். “நம்ம ஊடு கட்றதுல அவருக்கு அவ்ளோ சந்தோஷம்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.